பள்ளி மாணவர்களுக்கான அருங்காட்சியக நிகழ்ச்சியை வடிவமைத்தல்: வேலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

பேருந்தில் வந்திறங்கும் ஐம்பது மாணவர்கள் வரிசையாக உள்ளே நுழைந்து, காட்சிக்கூடங்கள் அனைத்தையும் அரை மணி நேரத்துக்குள் கடந்து, வாசலில் குழுப் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவது நம் மாவட்ட அருங்காட்சியகங்களில் வழக்கமாகக் காணும் காட்சி. அதைச் சுற்றுலா எனலாம். கல்வி நிகழ்ச்சி எனச் சொல்ல இயலாது. சுற்றுலாவைக் கல்வி நிகழ்ச்சியாக மாற்ற விரும்பும் காப்பாட்சியர்கள், வரலாற்று ஆசிரியர்கள், தொன்மைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பாசிரியர்கள், கல்லூரித் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இத்துறையில் புதிதாக இறங்குவோர் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் உழைப்புக் குறைவு காரணமாக இருப்பதில்லை. வேலைகளின் வரிசை மாறிப்போவதே காரணம். "நம்மிடம் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன" என்று தொடங்குபவர் எல்லாவற்றையும் காட்ட ஆசைப்படுவார். எல்லாவற்றையும் காட்ட ஆசைப்படுபவர் எதையும் நின்று பார்க்க விடமாட்டார். எனவே வகுப்பு, நோக்கம், பொருள், நேரம், கேள்வி, பணித்தாள் என்ற வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டும். முந்தைய படி முடியாமல் அடுத்த படிக்குப் போனால், போன வேலையைத் திரும்பச் செய்ய நேரிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது எட்டு வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். கடிதப் போக்குவரத்துக்கு மட்டும் மூன்று நான்கு வாரங்கள் போய்விடும்.

முதலாவது, அனுமதி. வேலூர்க் கோட்டை வளாகம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதனுள் இயங்கும் அரசு அருங்காட்சியகம் தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. காப்பாட்சியர் கொடுத்த அனுமதியைக் கொண்டு கோட்டை மதிலருகே நாற்பது மாணவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு இடங்களையும் பயன்படுத்துவதானால் இரண்டு கடிதங்கள் தேவை. பள்ளியின் பக்கத்தில் தலைமையாசிரியரின் ஒப்புதல், கல்வி அலுவலகத்துக்கு அவர் வழியாகச் செல்லும் கடிதம், பெற்றோரின் கையொப்பம் ஆகியவை வேண்டும். மாணவர்களைப் படம் எடுத்து வெளியிடும் எண்ணம் இருந்தால், அதையும் பெற்றோர் படிவத்தில் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்பது சங்கடம்.

இரண்டாவது, நாள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. பள்ளிகளோ சனிக்கிழமையைத்தான் முதலில் கேட்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும், பொங்கலுக்குப் பிந்தைய சில வாரங்களும் இவ்வட்டாரத்துக்கு ஏற்றவை. மே 18 உலக அருங்காட்சியக நாள் என்பதால் அன்று பள்ளி நிகழ்ச்சி வைக்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கருதுகிறார்கள். அப்போது கோடை விடுமுறை, வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரம் மழைக்காலத்தில் வருகிறது. அவ்வாரத்தில் நடத்தினால் மாற்று நாள் ஒன்றையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

மூன்றாவது, நடப்பு ஆண்டுப் பாடநூலின் ஒரு படி. நான்காவது, கையால் வரைந்த தரைப்படம். காட்சிக்கூடத்தை ஒருமுறை நடந்து, வாயில்களின் அகலம், வெளிச்சம் வரும் திசை, பத்துப் பேர் அரைவட்டமாக நிற்கக்கூடிய இடங்கள், கழிவறை, குடிநீர் ஆகியவற்றை அதில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்தப் படத்தை வைத்துத்தான் முடிவாகும்.

2. ஒரே வகுப்பை முடிவு செய்தல்

"ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்புக்கும்" என்று திட்டமிடப்படும் நிகழ்ச்சி எந்த வகுப்புக்கும் பொருந்துவதில்லை. ஆறாம் வகுப்புச் சிறுவன் கல்லாயுதத்தைக் கண்டு எதை அறுத்திருப்பார்கள் என்று கேட்பான். பத்தாம் வகுப்பு மாணவி அதே கல்லாயுதத்தின் முன் தேர்வில் இது வருமா என்று யோசிப்பாள். இருவரையும் ஒரே கேள்வியால் நிறுத்திவைக்க இயலாது.

வகுப்பை முடிவு செய்தபின் அவ்வகுப்பின் பாடங்களில் உள்ளூர்ப் பொருளோடு நேரடியாக இணையும் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். ஆறாம் வகுப்பில் தொடக்ககால மனிதர் பற்றிய பாடத்துக்குத் திருப்பத்தூர் அருகே உள்ள பையம்பள்ளி கைகொடுக்கும். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த புதிய கற்கால ஊர் அது. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்கோடரிகளோடு கொள்ளு, பச்சைப்பயறு ஆகிய தானியங்களும் அங்கே கிடைத்தன. எட்டாம், பத்தாம் வகுப்புகளில், கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த 1806-ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சி பாடமாகவே இருக்கிறது. நிகழ்ந்த இடத்திலேயே நின்று படிக்கும் வாய்ப்பு இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உண்டு. ஏழாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு நடுகற்களை நான் பரிந்துரைப்பேன். அரசர்களின் பெயர்ப் பட்டியலாகவே வரலாற்றைப் படித்துவந்த பிள்ளைகளுக்கு, மாடு மீட்கப் போய் இறந்த ஊர்க்காரனுக்கும் கல் நாட்டினார்கள் என்பது புதிய செய்தியாக இருக்கும்.

3. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

"மாணவர்கள் நம் பண்பாட்டின் பெருமையை உணர்வர்" என்பது நோக்கம் ஆகாது. உணர்ந்தார்களா இல்லையா என்பதைக் கண்டறிய நமக்கு வழியில்லை. வழியில்லாததால் நிகழ்ச்சி எப்படி நடந்தாலும் வெற்றி என்றே அறிக்கை எழுதப்படும்.

வாக்கியத்தின் வினைச்சொல் கண்ணால் பார்க்கக்கூடிய செயலைக் குறிக்க வேண்டும். "மாணவர்கள் தாங்கள் முன்பு பார்த்திராத ஒரு நடுகல்லைப் பார்த்து, அவ்வீரன் எதற்காக இறந்தான் என்பதற்குக் கல்லிலிருந்தே இரண்டு சான்றுகளைக் காட்டுவர்" என்று எழுதினால், எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது, எதைக் கேட்பது, முடிவில் எதைச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் அவ்வாக்கியத்திலிருந்தே வந்துவிடும். இந்த வாக்கியத்தைத் தரைப்படத்தின் தலைப்பில் எழுதி வையுங்கள். பிறகு யாராவது "நாணயங்களையும் காட்டிவிடலாமே" என்று சொல்லும்போது அதைக் காட்டி மறுக்கலாம்.

4. பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

நாற்பது மாணவர்கள், இரண்டு மணி நேரம் என்றால் நான்கு பொருள்கள் போதும். இதைச் சொன்னவுடன் அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும் பள்ளிக்கும் ஏமாற்றம் வரும்; இவ்வளவு தூரம் வந்து நான்குதானா என்பார்கள். மற்றவற்றைக் கடைசியில் பத்து நிமிடம் தாங்களாகச் சுற்றிப் பார்க்க விடலாம். பாடம் மட்டும் நான்கில் நிற்க வேண்டும்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் நடுகற்கள், சிற்பங்கள், படைக்கருவிகள், நாணயங்கள் முதலியன வேலூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. காட்சிகள் இடம் மாறுவதுண்டு என்பதால் நினைவை நம்பாமல் நேரில் சென்று ஒவ்வொரு பொருளிடமும் மூன்றைச் சோதியுங்கள். பத்துச் சிறுவர்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்க முடிகிறதா? பத்து வயதுச் சிறுவனின் கண் உயரத்தில், அதாவது நீங்கள் மண்டியிட்டுப் பார்க்கும்போது, கண்ணாடியில் விளக்கொளி பிரதிபலிக்காமல் பொருள் தெரிகிறதா? விளக்க அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாலும், அப்பொருளைப் பற்றி ஏதாவது கண்டுபிடிக்க முடிகிறதா?

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. மிக அழகான வெண்கலத் திருமேனி ஒன்று இச்சோதனையில் தோற்கலாம். சிதைந்த நடுகல் ஒன்று வெல்லலாம். நடுகல்லில் வீரன் எந்தக் கையில் வில் பிடித்திருக்கிறான், உடலில் அம்பு தைத்திருக்கிறதா, மூலையில் மாடுகள் இருக்கின்றனவா, காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருக்கின்றனவா என்று எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய செய்திகள் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டு, அதன் பெயர் கோவிவன் என்று எழுதப்பட்டிருக்கிறது. பல்லவ அரசர் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் அது. அதன் பெரிய ஒளிப்படம் ஒன்றை அட்டையில் ஒட்டி எடுத்துச் சென்றால், வேறு எந்தப் பேச்சும் இல்லாமல் ஒரு குழுவை ஐந்து நிமிடம் நிறுத்திவைக்கலாம்.

புகழ்பெற்றவர்களின் பெயரோடு சேர்ந்த பொருள்களுக்கு மயங்க வேண்டாம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816 முதல் 1832-இல் இறக்கும் வரை இக்கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்தார் என்பது சுவையான செய்தி. நம் நோக்கம் நடுகல் என்றால் அது இன்னொரு நிகழ்ச்சிக்கு உரியது.

5. நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்று கணக்கிடாமல், மாணவர்கள் எப்போது பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். திருப்பத்தூரிலிருந்து வேலூருக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். மாலை நான்கு மணிக்குள் பள்ளியில் இருக்க வேண்டுமானால், பகல் ஒன்றரைக்குள் பேருந்து புறப்பட்டாக வேண்டும். ஜவ்வாது மலைப் பள்ளிகளுக்கு மலைப்பாதை நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உள்ளே இரண்டு மணி நேரம் கிடைப்பதாகக் கொள்வோம். வரவேற்புக்கும் விதிகளுக்கும் 10 நிமிடம்; பத்துப் பேர் கொண்ட நான்கு குழுக்கள் நான்கு நிலையங்களில் (ஒரு பொருளுக்கு ஒரு நிலையம்) தலா 15 நிமிடம், ஆக 60; இடம் மாற மூன்று முறை மும்மூன்று நிமிடம், ஆக 9; எல்லோரும் ஒன்றுகூடிப் பகிர்ந்துகொள்ள 15. மொத்தம் 94 நிமிடம். எஞ்சிய 26 நிமிடத்தில் தாங்களாகச் சுற்றிப் பார்க்கும் பத்து நிமிடம் போக, மீதி கழிவறைக்கும் தண்ணீருக்கும் தாமதத்துக்கும் உரியது. அதில் இன்னொரு பொருளைத் திணிக்கக் கூடாது. பேருந்து அரை மணி தாமதமாக வந்தால் ஒரு நிலையத்தை முழுவதுமாக விட்டுவிடுவது நல்லது; எல்லா நிலையங்களையும் ஏழு நிமிடமாகச் சுருக்கினால் ஒன்றும் நடக்காது. எந்த நிலையத்தை விடுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து வையுங்கள். அன்று அவசரத்தில் முடிவெடுத்தால், விடக் கூடாததைத்தான் விடுவோம்.

6. கேள்விகளை எழுதுதல்

இந்த வேலையின் உயிர்நிலை இது. மற்ற எல்லாப் படிகளும் சரியாக இருந்து கேள்விகள் மோசமாக இருந்தால், குழுவோடு நின்று கேள்வி கேட்கும் வழிநடத்துநர் தாமாகவே சொற்பொழிவுக்குத் திரும்பிவிடுவார்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அடுக்காகக் கேள்விகளை எழுத வேண்டும். முதல் அடுக்கு பார்ப்பதற்கானது. தவறான விடைக்கு இடமே இல்லாத கேள்விகள். "கல்லில் எத்தனை உருவங்கள் இருக்கின்றன?", "அவன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?" வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இந்த அடுக்கில்தான் முதன்முறையாகப் பேசும். அதனால் எளிது என்று எண்ணி இதைத் தாண்டிவிடக் கூடாது.

இரண்டாம் அடுக்கு ஊகத்துக்கானது; ஊகத்தோடு சான்றும் கேட்க வேண்டும். "இவன் யாரோடு சண்டையிட்டிருப்பான்? கல்லில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால் உரையாடல் கதை சொல்லும் போட்டியாகிவிடும். மாணவி "மாடு திருட வந்தவர்களோடு" என்று சொன்னால், மாடு எங்கே தெரிகிறது என்று அவளே விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான், தொறு என்றால் மாட்டு மந்தை என்பதையும், தொறுவை மீட்டு இறந்தவனைப் பற்றிக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதையும் வழிநடத்துநர் தெரிவிக்கலாம். தகவலைக் கடைசியில் கொடுப்பதற்குக் காரணம் உண்டு: தாமே ஊகித்ததை உறுதி செய்யும் தகவலை மாணவர்கள் விடுவதில்லை, முதலில் சொல்லப்பட்ட தகவல் அவர்களுக்கு இன்னொரு பாடக்குறிப்பு.

மூன்றாம் அடுக்கு ஐயத்துக்கானது. "இந்தக் கல்லைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள முடியாதது எது?" இறந்தவனின் மனைவிக்கு என்ன ஆயிற்று, மாடு கவர்ந்தவர்களின் ஊரிலும் இதே போர் பற்றி ஒரு கல் இருக்குமா, கல்லைச் செதுக்கியவர் யார் என்றெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். விடை இல்லாவிட்டாலும் இக்கேள்விகளைப் பலகையில் எழுதி வையுங்கள்.

1806 நிகழ்ச்சிக்கு இதே முறையைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஜூலை 10 அதிகாலை நிகழ்ச்சிகளைப் பாடநூலில் ஏற்கெனவே படித்த மாணவர்கள், விடைகளை ஒப்புவிக்கத் தயாராக வருவார்கள். நெற்றியில் சமயக் குறிகள் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணைகளைக் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அப்போது இடத்தையே பொருளாக மாற்றுங்கள். புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். தொலைவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வரைபடத்தையும் நூற்கயிற்றையும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். செய்தி அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம், படை வந்து சேர எவ்வளவு நேரம், அதற்குள் கோட்டைக்குள் இருந்தவர்கள் வாயிலைக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அகழியையும் மதிலையும் பார்த்தபின் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை, வகுப்பறையில் கிடைக்கும் விடையைப் போல இருக்காது.

எழுதக் கூடாத கேள்விகளும் உண்டு. "இது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது?" என்று கேட்டால் எல்லாக் கண்களும் பொருளை விட்டு விளக்க அட்டைக்குப் போகும். "இது எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தீர்களா?" என்பது கேள்வியே அன்று, அதற்கு "ஆமாம் சார்" என்று ஒருமித்த குரல் வரும், அவ்வளவுதான்.

7. பணித்தாள்

ஒரே தாள், இரு பக்கம். அதற்கு மேல் போனால் தாளை நிரப்புவதே வேலையாகி, பொருளைப் பார்ப்பது நின்றுவிடும். எழுதும் இடத்தைவிட வரையும் இடம் பெரிதாக இருக்கட்டும்; வரைவதற்குப் பலமுறை நிமிர்ந்து பார்த்தாக வேண்டும் என்பதே காரணம், ஓவியத் திறனை நாம் சோதிக்கவில்லை. இதை மாணவர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "எனக்கு வரைய வராது" என்று பாதிப் பேர் ஒதுங்குவார்கள்.

பென்சில் மட்டுமே அனுமதிக்க வேண்டும். மைப்பேனா பொருள்களுக்கு ஆபத்து. பரீட்சை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் காட்சிப்பேழையின் கண்ணாடியே எழுதும் மேசையாகிவிடும்.

புதையல் வேட்டை போன்ற தாள்களை, "யார் முதலில் பத்துப் பொருள்களைக் கண்டுபிடிக்கிறார்கள்" என்ற போட்டிகளை, நான் ஏற்பதில்லை. பிள்ளைகள் மகிழ்வார்கள், உண்மைதான்; ஆனால் ஒரு பொருளைக் கண்டதும் குறியிட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். விளக்க அட்டையிலிருந்து எழுதவைக்கும் கோடிட்ட இடங்களும் இதே வகை.

8. தொட்டுப் பார்க்கும் பெட்டி

காட்சிப் பொருளைத் தொடாதே என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் தொடுவார்கள். விரலின் வியர்வையில் உள்ள உப்பு உலோகத்தை அரிக்கும், ஆயிரம் பேர் தடவிய கல்லில் எழுத்து மழுங்கும் என்று காரணத்தைச் சொல்லி, தொடுவதற்கென்று வேறு பொருள்களையும் கொடுங்கள்.

அதற்கு ஒரு பெட்டி போதும். பாறைத்துண்டில் தேய்த்து உருவாக்கிய மாதிரிக் கற்கோடரி ஒன்று, தேய்க்காத கரடுமுரடான அதே கல் ஒன்று, மண்பானைத் துண்டுகள், இன்றைய நாணயங்கள், மெல்லிய தாள். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விளையாட்டு. அங்கிருந்து கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் முறைக்கு இயல்பாகச் செல்லலாம். நனைத்த தாளைத் தூரிகையால் அடித்துப் படியவைத்து மை ஒற்றும் செய்முறையைச் சிமெண்டில் வார்த்த மாதிரிப் பலகையில் மட்டுமே செய்துகாட்ட வேண்டும். மூலக் கல்லில் மாணவர்களை வைத்துச் செய்யக் கூடாது.

பானைத் துண்டுகளைக் குயவரிடமிருந்து வாங்குங்கள். தொல்லியல் மேட்டில் பொறுக்கிக்கொண்டு வருவது எளிதாகத் தோன்றும். ஆனால் அது மாணவர்களுக்கு நாம் கற்பிக்க விரும்புவதற்கு நேர் எதிரான செயல். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் குழுவில் இருந்தால் இப்பெட்டியே அவருக்கு முதன்மை நிலையம். மாதிரி நடுகல் ஒன்றைச் செதுக்கவோ வார்க்கவோ முடியுமானால் அதற்குச் செலவிடும் பணம் வீண்போகாது.

9. ஆசிரியருக்கும் வழிநடத்துநர்களுக்கும் பயிற்சி

வருகைக்கு ஒரு வாரம் முன்பு பள்ளியில் ஒரு பாடவேளை நடக்க வேண்டும். அதில் எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம், கழிவறை எங்கே இருக்கும், சாப்பாடு எப்போது என்பவற்றைச் சொல்லிவிட வேண்டும். புதிய இடத்தில் இவை தெரியாத பிள்ளைக்குக் கவனம் பொருளின் மேல் நிற்காது. எந்தப் பொருளைப் பார்க்கப் போகிறோம் என்பதை மட்டும் விரிவாகச் சொல்லக் கூடாது. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் நடுகல் பற்றி முழுப் பாடத்தையும் முன்பே நடத்திவிட்டு வருவதுண்டு; பிள்ளைகள் விடைகளோடு வந்து நிற்பார்கள்.

அன்றைய நாளில் ஆசிரியருக்கு ஒரு குழுவைப் பொறுப்பாகக் கொடுங்கள். வேலை கொடுக்காவிட்டால், அவர் ஒழுங்கைக் கவனிக்கும் வேலையைத் தாமே எடுத்துக்கொள்வார். "அமைதியாக இரு" என்ற குரல் ஒவ்வொரு நிலையத்திலும் உரையாடலை அறுக்கும்.

வழிநடத்துநர்களாகக் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் பொருத்தமானவர்கள். அவர்களுக்குப் பயிற்றுவிக்க வேண்டியது முதலில் மௌனம். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். முதல் இரண்டு நொடிகளில் கை தூக்கும் மாணவனுக்கே எப்போதும் வாய்ப்புக் கிடைத்தால் மற்ற ஒன்பது பேரும் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

இரண்டாவது, மொழி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளிலிருந்து உருது பேசும் பிள்ளைகளும், குடியாத்தம் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசும் பிள்ளைகளும் வருவார்கள். குழுவுக்குள் தம் மொழியில் பேசிக்கொண்டு தமிழில் பகிர்ந்துகொள்ள விடுங்கள். மலைவாழ் மக்களின் பொருள்கள் உள்ள பகுதிக்கு ஜவ்வாது மலைப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது "இவர்கள் இப்படி வாழ்ந்தார்கள்" என்று யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசக் கூடாது. அந்தக் கூடையின் பெயரை அவர்களிடமே கேளுங்கள்.

மூன்றாவது, எதிர்பாராத கேள்விகள். வேலூர்க் கோட்டையில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும்: அகழியில் முதலை இருந்ததா, விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை போகிறதா? "அதெல்லாம் கட்டுக்கதை" என்று அடக்கவும் வேண்டாம், ஆமாம் என்று ஊதிவிடவும் வேண்டாம். "அதை எப்படிச் சோதித்துப் பார்க்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். சுரங்கம் வெட்டினால் மண்ணை எங்கே கொட்டியிருப்பார்கள், அகழியின் அடியில் அது எப்படிக் கடந்திருக்கும் என்று பிள்ளைகளே வாதிடத் தொடங்குவார்கள்.

10. முன்னோட்டம்

பத்து மாணவர்களை மட்டும் வைத்து ஒருமுறை நடத்திப் பாருங்கள். பணியாளர்களின் பிள்ளைகள், அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் யாராக இருந்தாலும் சரி, வயது மட்டும் பொருந்த வேண்டும். ஒருவர் ஓரமாக நின்று, எந்தக் கேள்விக்கு யாரும் பேசவில்லை, எந்த இடத்தில் பிள்ளைகளின் கண் வேறு பக்கம் போயிற்று என்பதை மட்டும் குறிக்கட்டும். பெரியவர்களை உட்காரவைத்து நடத்தும் முன்னோட்டத்தால் பயனில்லை. அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

11. நிகழ்ச்சி நாள்

செருப்பு, பை ஆகியவற்றை வைக்க ஓர் இடம். குழு வாரியாக நிற வில்லைகள். அகழியோரத்திலும் மதிலருகிலும் நிற்க ஒரு பெரியவர். குடிநீர்க் கேன் உள்ளே வராமல் வாசலில். பொட்டலச் சாப்பாடு என்றால் சாப்பிடும் இடத்தையும் இலை, தாள் போடும் இடத்தையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் இடமில்லை என்பதை விருந்தினர்களுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது சிறு விஷயம் போலத் தோன்றும். நாற்பது நிமிடங்களை விழுங்குவது அதுதான்.

12. பள்ளிக்குத் திரும்பிய பின்

இரண்டு வாரங்களுக்குள் ஒரு பின்வேலை இருக்க வேண்டும். நடுகல் நிகழ்ச்சியாக இருந்தால், மாணவர்கள் தம் ஊரில் உள்ள கற்களைத் தேடி ஆவணப்படுத்தலாம். இப்பகுதியில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. ஆகவே ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் கேட்ட பிறகே அளக்கவோ படம் எடுக்கவோ வேண்டும்.

இங்கே நிகழும் பெரிய தவறு, எழுத்தைத் தெளிவாகக் காண்பதற்காகக் கல்லின் மேல் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் பூசுவதும் கம்பியால் சுரண்டுவதும். மாறாக, மாலை மங்கியபின் ஒரு கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால், நேர் ஒளியில் தெரியாத கீறல்களும் நிழலோடு எழுந்து நிற்கும். அதைச் செல்பேசியில் படம் எடுத்தால் போதும். இந்தக் கற்களில் பலவற்றில் இருப்பது வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. மாணவர்கள் அதைப் படிக்க வேண்டியதில்லை. கல்லின் உயரம், அகலம், நிற்கும் இடம், திசை, உருவங்கள், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, படத்தோடு அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவையுங்கள். அதற்குக் காப்பாட்சியர் இரண்டு வரியாவது பதில் எழுத வேண்டும். இதை அனுமதி பெறும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

13. மதிப்பீடு

"நிகழ்ச்சி பிடித்திருந்ததா?" என்ற படிவம் வேண்டாம். வகுப்பை விட்டு வெளியே வந்த நாள் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கத்தான் செய்யும்.

மூன்றாம் படியில் எழுதிய நோக்க வாக்கியத்தை எடுத்து, பணித்தாள்களோடு ஒப்பிடுங்கள். எத்தனை தாள்களில் கல்லிலிருந்து இரண்டு சான்றுகள் வந்திருக்கின்றன, எத்தனை தாள்களில் விளக்க அட்டையின் வாசகம் அப்படியே வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து, மாணவர்கள் முன்பு பார்த்திராத வேறொரு நடுகல்லின் படத்தை ஆசிரியர் வகுப்பில் காட்டி, அதே கேள்வியைக் கேட்கட்டும். அந்த விடைகளே உண்மையான மதிப்பெண்.

அடுத்த பள்ளிக்கு நடத்துவதற்கு முன் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கேள்வியையும் பொருளையும் நேரத்தையும் ஒருசேர மாற்றினால் எதனால் மேம்பட்டது என்பது தெரியாது. இதற்கென ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பேசவைத்த கேள்விகளையும் பேசவைக்காத கேள்விகளையும் தேதியோடு எழுதி வாருங்கள். காப்பாட்சியர் மாற்றலாகிப் போகும்போது பொருள்களின் பட்டியலோடு சேர்த்துப் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டிய பதிவேடுகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.